உப்புக் காற்றில் ஒரு பித்தளைச் சட்டம்

(இராமநாதபுரத்தில் கைவினைஞர்களும் ஓவிய மாணவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவியத்தைப் பற்றிப் பேச ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஓவியத்தைச் சுற்றி நான்கு விரற்கடை அகலத்துக்கு ஓடுகிற சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் அழைப்பதில்லை. நீங்கள் அழைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகவே பேசப்போகிறேன். பட்டறைக்கார அண்ணன்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கடற்கரையில் உலோகச் சட்டம் செய்கிறவர் அதன் பின்பக்கத்திலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும். முன்பக்கத்துக் கொடியும் பூவும் அன்னமும் நம்மவர்களுக்குக் கைவந்த கலை. பின்பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வாங்குகிறவரும் பார்ப்பதில்லை, விற்கிறவரும் காட்டுவதில்லை. உப்புக் காற்று மட்டும் நேரே அங்கேதான் போகும்.

இந்த ஊர்க் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு வேறெங்கும் சாட்சி தேட வேண்டாம். பாம்பன் பாலம் போதும். 1914 பிப்ரவரியில் திறந்த ரயில் பாலம் அது. உலகத்திலேயே இரும்பு மிக விரைவாக அரிபடும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள்; அமெரிக்காவின் மயாமிக் கரையைத்தான் அதற்கு மேலே வைப்பார்கள். சாயம் பூசி முடித்த கையோடு மறுபடி சாயம் பூச வேண்டியிருந்த பாலம். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் எதற்கு? அத்தனையும் இந்தக் காற்றுக்காகத்தான். அந்தக் காற்று பாலத்தோடு நின்றுவிடுவதில்லை. சோழகமும் கச்சானும் வாடையும் மாறி மாறி உங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளும் வருகின்றன.

திருப்புல்லாணி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழிவிடாத கடல்மேல் இராமன் சினந்த இடம் என்று ஐதிகம். அந்தக் காட்சியை ரவிவர்மா எண்ணெய் ஓவியமாக வரைந்திருக்கிறார்: கொந்தளிக்கும் கடல், நாணேற்றிய வில், முகத்தில் அடங்காத கோபம். அதன் அச்சுப் பிரதி ஒன்றைப் பித்தளைச் சட்டம் போட்டுக் கடலோர வீட்டில் மாட்டினால், வருணன் பழி வாங்காமல் விடமாட்டான். படத்தில் தோற்றவன் சட்டத்தில் ஜெயிப்பான்.

சரி, உலோகச் சட்டம் நமக்குப் புதிதா என்று மாணவர்கள் கேட்கலாம். சுவரில் மாட்டும் படமும் அதற்குக் கண்ணாடியும் வேண்டுமானால் பின்னால் வந்தவை. உருவத்தைச் சுற்றி உலோகத்தில் அணி செய்வது நமக்கு மிகப் பழைய வேலை. கோயிலில் உற்சவர் பின்னால் நிற்கும் திருவாசியைப் பாருங்கள். அடியில் இரண்டு பக்கமும் மகரம், அதன் வாயிலிருந்து எழும் வளைவு, உச்சியில் சிம்ம முகம், வெளி ஓரத்தில் சுடர் வரிசை. நடராசருக்கு அது முழு வட்டமாகவே ஆகிவிடுகிறது. உருவம் எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்லும் வேலையைத் திருவாசி செய்கிறது. படச்சட்டம் செய்வதும் அதைத்தான்.

அதில் பட்டறைக்காரர் கவனிக்க வேண்டிய நுட்பம் வேறொன்று. பெரும்பாலும் திருவாசியைத் தனியாக வார்த்துப் பீடத்தில் உள்ள முளையில் செருகுவார்கள். திருமேனியோடு ஒட்டி வார்த்துவிடுவதில்லை. கழற்றலாம், துலக்கலாம், பழுது பார்க்கலாம், மறுபடி செருகலாம். அருங்காட்சியகங்களில் திருவாசி தொலைந்து, பீடத்தில் முளை மட்டும் மிஞ்சி நிற்கும் படிமங்களைக் காணலாம். திருவாசி போனாலும் திருமேனிக்குக் கீறல் இல்லை. சட்டத்தை இப்படித்தான் செய்ய வேண்டும்: கழற்ற வருமாறு. இன்று கடைகளில் பசையை ஊற்றி, பின்பலகையை ஆணியால் அறைந்து மூடித் தருகிறார்கள். அதைத் திறக்க வேண்டுமென்றால் உடைக்கத்தான் வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் இன்னொரு வேடிக்கை. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடு கட்டி, பொன் தாள் பதித்து, நடுவில் கண்ணன் இருப்பான். அவனைச் சுற்றித் தூணும் வளைவும் திரைச்சீலையுமாக மண்டபம் ஒன்று புடைத்து நிற்கும். சட்டத்தைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிட்டார்கள். அதற்கு வெளியே நாம் போடும் சட்டம் அதைவிட ஆர்ப்பாட்டமாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டு நாதஸ்வரம் இரண்டு ராகத்தில் வாசித்தது மாதிரி ஆகும். தஞ்சாவூர்ப் படத்துக்கு அடக்கமான தேக்குச் சட்டமே போதும் என்பது என் கட்சி. பித்தளைப் பூவேலை பென்சில் சித்திரத்துக்கும், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கும், வண்ணம் குறைந்த ஓவியத்துக்கும்தான் எடுப்பாக இருக்கும்.

நம் ஊர் இராமலிங்க விலாசத்திலும் இதைப் படிக்கலாம். கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை. அங்குள்ள சுவரோவியங்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை என்பார்கள். இராமாயணக் காட்சிகள், பாகவதக் காட்சிகள், சேதுபதி வெளிநாட்டாரைச் சந்திக்கும் காட்சி, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர். கட்டங்கட்டமாகப் பிரித்து, ஓரத்துக்குப் பட்டை ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டைதான் சட்டம். தூணும் வளைவும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. மாணவர்கள் அங்கே போனால் உருவங்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பட்டையின் அகலம் எந்தக் காட்சிக்கு எவ்வளவு என்று ஒரு முறை அளந்து பாருங்கள்.

சேதுபதி போரிட்ட அந்தத் தஞ்சாவூரிலிருந்துதான் இன்று ஒரு தொழிலைக் கடன் வாங்கச் சொல்கிறேன். தஞ்சாவூர்த் தட்டு உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டிலும் பாராட்டு விழாவிலும் கொடுப்பார்களே, அதே தட்டு. இரண்டாம் சரபோஜி காலத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பித்தளைத் தட்டின்மேல் வெள்ளித் தகட்டிலும் செம்புத் தகட்டிலும் உருவங்களைப் புடைத்துப் பதிக்கிற வேலை. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பரிசாக வாங்கியவர்கள் அதை உறையோடு பீரோவுக்குமேல் வைத்துவிடுவது வேறு கதை. அந்தத் தட்டு வேலையை நான்கு பட்டைகளாக நீட்டினால் படச்சட்டம் வந்துவிடும். கோயில் கதவுக்குத் தகடு போர்த்தும் வேலையும், சாமிக்குக் கவசம் செய்யும் வேலையும் இதற்கு அண்ணன் தம்பி முறை.

இனி வேலைக்கு வருவோம். பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே காய்ந்த தேக்கில் ஒரு சட்டம். அதன்மேல் பித்தளைத் தகடு. தகடு 24 கேஜ் இருந்தால் போதும், அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 22 கேஜ் போனால் ஆழமாகப் புடைக்கலாம், ஆனால் கை வலிக்கும், சுவர் ஆணியும் கனம் தாங்க வேண்டும். முகப்புக்கு இரண்டு அங்குலம், பக்கத்துக்கு முக்கால் அங்குலம், பின்னால் மடித்து அடிக்க அரை அங்குலம் என்று கணக்குப் போட்டுத் தகரக் கத்திரியால் நான்கு பட்டை வெட்டுகிறோம். வெட்டிய ஓரத்தை உடனே அரத்தால் ராவிவிட வேண்டும். விரலைக் கிழிப்பது எப்போதும் பாதியில் விட்ட ஓரம்தான்.

அடுத்தது காய்ச்சி ஆற்றுவது. வெயிலில் நின்று செய்யக் கூடாது. நிழலான இடத்தில் பார்த்தால்தான் தகடு மங்கிய சிவப்புக்கு வருவது கண்ணுக்குத் தெரியும். அதோடு நிறுத்த வேண்டும். செக்கச்செவேல் என்று ஆகும்வரை விட்டால் துத்தநாகம் வெண்புகையாகப் போக ஆரம்பிக்கும்; நெஞ்சுக்கும் ஆகாது, தகட்டுக்கும் ஆகாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்தானே. சுத்தச் செம்பு 1,085 டிகிரி வரை உருகாது, பித்தளை ஏறக்குறைய 900 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். தெரியாத கைக்கு அந்த இடைவெளி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிறகு அரக்கு. குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய். மூன்றையும் காய்ச்சிப் பலகையில் ஊற்றி, இளஞ்சூட்டில் தகட்டை அதன்மேல் அமர்த்துகிறோம். செங்கல் பொடி கூடினால் அரக்கு இறுகும், எண்ணெய் கூடினால் இளகும். சித்திரை வெயிலில் எண்ணெயைக் குறைக்க வேண்டும், மார்கழிக் குளிரில் கூட்ட வேண்டும். எந்தப் புத்தகத்து அளவும் இதற்குச் செல்லாது. விரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறவர் சொல்வதுதான் அளவு. அரக்கு ரொம்ப இறுக்கமாக இருந்தால் உளி போட்ட இடத்தில் தகடு கிழியும். ரொம்ப இளக்கமாக இருந்தால் பூ இதழ் ஒன்றைத் தட்டினால் பக்கத்து இதழும் சேர்ந்து அமுங்கும்.

முதலில் கோடு. முனை மழுங்கிய உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும். உளி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்று நின்று அடித்தால் கோடு புள்ளியாகிவிடும். கோடு முடிந்ததும் தகட்டைச் சூடுகாட்டிப் பெயர்த்துத் திருப்பி, பின்புறமிருந்து உருண்டை முனை உளியால் புடைப்பைத் தள்ளுகிறோம். மறுபடி திருப்பி, குழிகளில் அரக்கை நிரப்பி, முன்பக்கமாக நரம்பும் கண்ணும் இறகும் தீர்க்கிறோம். நடுவில் தகடு விறைத்துக்கொள்ளும். சத்தத்திலேயே தெரியும், மொத்தையாகக் கேட்டது கணீர் என்று கேட்கும். அப்போது அரக்கை எரித்துத் துடைத்து, மறுபடி காய்ச்சி ஆற்ற வேண்டும்.

பட்டறை ஒன்றில் பெரியவர் ஒருவரிடம், “என்னண்ணே, இம்புட்டு நேரம் அடிக்கிறீங்களே?” என்று கேட்டேன். “அடிக்கிறது எவனும் அடிப்பான் தம்பி. எப்ப அடிக்காம இருக்கணும்னு தெரியணும், அதுதேன் வேலை” என்றார். மறுபடி காய்ச்சாமல் அடித்துக்கொண்டே போகிறவர்களைத்தான் அவர் சொன்னார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. ஆங்கிலேயர் பட்டாளம் இந்தியாவில் இருந்த காலத்தில், பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் தாமாகவே வெடித்துக் கிடந்தன. யாரும் சுடவில்லை, யாரும் தட்டவில்லை. மழைக்கு ஒதுக்காகக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். 1921-ல்தான் காரணம் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, ஈரக் காற்று, அடித்து இழுத்த பித்தளைக்குள் தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் உலோகம் விரிசல் விட்டுப் பிளக்கும். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி சூட்டில் சிறிது நேரம் வைத்தால் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும், கடினமும் பெரிதாகக் குறையாது. தோட்டாவுக்குக் கண்ட அதே வைத்தியம் சட்டத்துக்கும் பொருந்தும். புடைப்பு வேலை முடிந்த பட்டையைக் கடைசியாக ஒரு தரம் மிதமாகச் சூடு காட்டிவிட்டு மரத்தில் போர்த்துங்கள். கடைகளில் விற்கும் பளபளப்புத் திரவம் சிலவற்றில் அம்மோனியா உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். இலையின் அடியில், உளி ஆழமாக இறங்கிய இடத்தில், மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மூலை சேர்ப்பதை நீட்டிச் சொல்லப்போவதில்லை. நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டி, வெங்காரம் வைத்துப் பற்றாசுப் பொடியால் பற்றவைக்கலாம். அல்லது நான்கு மூலைக்கும் தாமரை மாதிரித் தனித் துண்டு செய்து இணைப்பை மூடலாம். கடலோரத்துக்கு இரண்டாவது வழியே நல்லது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுகப் பற்றவைத்த மூலையைவிட மேலே மூடிய மூலை அதற்கு இடம் கொடுக்கும்.

ஆணியைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பித்தளைத் தகட்டில் இரும்பாணி அடிக்காதீர்கள். உப்பீரம் நடுவில் புகுந்தால் இரண்டு உலோகமும் மின்கலம் போலாகி, இரும்பு தன்னைத் தின்னக் கொடுக்கும். கப்பலின் எஃகு அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான். அங்கே துத்தநாகம் பலியாகி எஃகைக் காக்கிறது. சட்டத்தில் பலியாவது ஆணி. ஆணி போனால் தகடு கழன்று படத்தின்மேல் விழும். பித்தளை ஆணிக்குச் சில ரூபாய் அதிகம் ஆகும். அந்தச் சில ரூபாயில்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இப்போது களிம்பு. செம்போ வெண்கலமோ கறுத்துப் போவதில் பெரிய ஆபத்தில்லை. அது ஒரு போர்வை. ஆபத்து, வெளிறிய பச்சையில் மாவு மாதிரி புள்ளி புள்ளியாகக் கிளம்புவது. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடும். ஈரமும் காற்றும் பட்டால் அது அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்னும், மறுபடி அமிலம். துடைத்தால் போகாது, துடைத்த இடத்திலேயே மறுபடி வரும். வெண்கல நோய் என்றே இதற்குப் பெயர்.

இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்புக்கென ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அங்கே பொறுப்பேற்ற எஸ். பரமசிவன், மண்ணில் புதைந்து களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் சுத்தம் செய்தார். சிலையை மின்சுற்றில் ஒரு முனையாக வைத்து, காரக் கரைசலில் அமிழ்த்தி, குளோரைடை வெளியே இழுக்கும் முறை. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டவை என்று ஆராய்ந்தவரும் அவர்தான். படிமத்தையும் ஓவியத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த வேதியியலாளர் நமக்கு அப்போதே இருந்திருக்கிறார். நம் பட்டறைகளுக்கும் அந்த மேசைக்கும் நடுவே இன்னும் வழி போடாதது நம் குறை.

வீட்டில் என்ன நடக்கிறது? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புளியைக் கரைத்துத் தேய்க்கிறோம். விளக்குக்கும் செம்புக்கும் அது சரி. அவை கனமானவை, கழுவி உடனே துடைக்கலாம். அரை மில்லிமீட்டர் தகட்டில் உள்ள அன்னத்துக்கு அது சரிவராது. ஆண்டுதோறும் தேய்த்தால் முதலில் கண் போகும், பிறகு இறகு போகும், கடைசியில் அன்னம் கோழி ஆகும். புளியின் புளிப்பு மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துவிடுவதால் பித்தளை இளஞ்சிவப்பாகவும் தெரியும். பலர் அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேய்த்த ஈரம் இடுக்கில் புகுந்து மரத்துக்கும் போகும், படத்துக்கும் போகும்.

அதற்குப் பதில், மெருகு போட்ட அன்றே, கை படுமுன், தெளிந்த பூச்சு ஒன்றை மெல்லியதாக ஏற்றிவிட வேண்டும். செம்புக் கலவைகளுக்கென்றே இன்க்ராலாக் என்ற அக்ரிலிக் பூச்சு உண்டு, அருங்காட்சியகங்களில் பயன்படுத்துகிறார்கள். கிடைக்காவிட்டால் மெழுகுப் பூச்சாவது போடலாம். பூச்சின் கீழே உப்புத் துகள் இருந்தால் எல்லாம் வீண். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, சூடு காட்டிக் காயவைத்த பிறகே பூச வேண்டும். இந்தப் பக்கத்துக் கிணற்று நீரில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே பூசிய கதை. காய்ச்சி வடித்த நீர் பாட்டரிக் கடையில் கிடைக்கிறது.

இனிப் பின்பக்கம். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே அட்டைப் பட்டை வைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இரவில் கண்ணாடி குளிர்ந்து வேர்க்கும்போது ஒட்டிக்கொள்வது சாயம்தான். பின்பலகைக்குச் சாதாரண ஒட்டுப்பலகை வேண்டாம். அமிலம் இல்லாத அட்டை வையுங்கள். அதைச் சிறு பித்தளைத் திருகால் இறுக்குங்கள், ஆணியால் அறையாதீர்கள். சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர்கள் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரோடு தகடு ஒட்டிக் கிடந்தால், முன்னால் என்ன பூச்சு பூசினாலும் பயனில்லை.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அச்சில் அழுத்திய மெல்லிய தங்க நிறத் தாள் ஒட்டிய சட்டம் இராமேசுவரம் கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். யாத்திரை வந்தவர் கையோடு கொண்டுபோகும் சாமி படத்துக்கு அது போதும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கையால் புடைத்த சட்டத்தை வாங்குகிறவர் வேறு ஆள். அவரிடம் முன்பக்கத்தை மட்டும் காட்டி விலை சொன்னால் பேரம் பேசுவார். திருப்பிக் காட்டி, இது பித்தளை ஆணி, இது திருகு, இது கழன்று வரும், இது நான் செய்த தேதி என்று சொன்னால் விலை நிற்கும்.

மேசைமேல் இரண்டு மாதிரிச் சட்டங்கள் வைத்திருக்கிறேன், பட்டறையில் கேட்டு வாங்கி வந்தவை. ஒன்று பூச்சு போட்டது, இன்னொன்று போடாதது. தாராளமாகத் திருப்பிப் பாருங்கள். பூச்சு போடாததைத் தொட்டவர்கள் பக்கத்தில் உள்ள துணியால் துடைத்துவிட்டுப் போங்கள். விரல் வேர்வையிலும் உப்புதான் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் அங்கேயே நின்று பேசலாம்.